கிளிக்கரில் எழுபத்தொன்று

விழா மலருக்கு இரண்டு பக்கம் போதும், கூடவே ஒரு பாஸ்போர்ட் அளவுப் படமும் வேண்டும் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் கஸ்பர் அண்ணை கேட்டிருந்தார். படத்துக்குத் தொப்பி போடுவதா இல்லையா என்பதில் வீட்டில் மூன்று நாள் போனது. தொப்பி இல்லாவிட்டால் நான் பேஸ்போல் கோச் என்று ஒருவருக்கும் தெரியாது என்றேன். வழுக்கையை மறைக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றாள் என் மனைவி பேர்ணடெற். கடைசியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி எடுத்தோம். பாஸ்போர்ட் அளவில் கை விழவில்லை.

வருகிற சித்திரையில், ஸ்காபரோவில் நடக்கும் கலைமாலையில், எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். ‘எமது இளைய தலைமுறையைக் கல்வியின் பக்கம் திருப்பியமைக்காக’ என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். சரியான வசனம்தான். ஆனால் எப்படித் திருப்பினேன் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. நம்மவர்களுக்குப் பலன் கிடைத்தால் போதும், செய்முறை வேண்டாம். ஆகவே அதை நானே எழுதிவைக்கிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் கஸ்பர் அண்ணை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் நான் கிரிக்கெட் ஆடியவன். பள்ளிக்கூட அணிக்காக, 1978இல், ஒரேயொரு மட்ச். அன்று நடுவர் எனக்கு ஐந்து தரம் நோ போல் கொடுத்தார். நான் பந்தை வீசவில்லையாம், கையை மடித்து எறிகிறேனாம். கிரிக்கெட்டில் அது குற்றம். ஆறாவது தரம் கப்டன் பந்தை வாங்கிக்கொண்டு என்னை எல்லைக்கோட்டுக்கு அனுப்பினான். அந்த வருடத்து மலரில் எங்கள் அணியின் படம் வந்தது. படத்தில் பதினொரு பேர், கீழே பத்துப் பெயர். அச்சுப் பிழை என்றார்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இந்த மலரில் மட்டும் கிறிஸ்துநாயகம் என்று முழுப் பெயரையும் போட்டுவிடவும்.

எண்பத்தேழில் ரொறொன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நிலம் துடைத்தேன். ஒருநாள் குப்பைப் பையோடு வெளியே வந்தபோது திடலிலிருந்து ஒரு பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துத் திருப்பி எறிந்தேன். தலைமைக் கோச் பொப் என்னைக் கூப்பிட்டு இன்னொரு தரம் எறியச் சொன்னான். பிறகு இன்னொரு தரம். இருபது பந்து எறிந்த பிறகு, இதை எங்கே பழகினாய் என்று கேட்டான். எங்கள் ஊரில் இதைச் செய்யக் கூடாது என்றுதான் பழக்கினார்கள் என்றேன். அவன் சிரித்தான். இப்படித்தான் நான் பேஸ்போலுக்குள் வந்தேன். தொண்ணூற்றிரண்டில் ரொறொன்ரோ அணியான ஜேஸ், பேஸ்போல் கிண்ணத்தை வென்று, ஊர் முழுக்கக் கார் ஹோர்ண் அடித்துத் திரிந்த அந்தக் கிழமை, கல்லூரி என்னைப் பந்தெறிபவர்களுக்கான கோச் ஆக்கியது. ஒரு ஜக்கெற் தந்தார்கள். நெஞ்சில் ‘கிறிஸ்’ என்று பொறித்திருந்தது. மிச்சத்துக்கு இடம் காணாதாம்.

கோச்சின் வேலை என்ன என்று பேர்ணடெற்றின் சொந்தக்காரர் கேட்பார்கள். வேலை எண்ணுவது. பேஸ்போலில் பந்தெறிபவன் ஒரு மட்ச்சில் தொண்ணூறு பந்துக்கு மேல் எறியக் கூடாது என்பது எங்கள் கல்லூரியின் ஒழுங்கு. அதைத் தாண்டினால் தோளிலும் முழங்கையிலும் இருக்கிற நார்கள் நைந்து போகும். அதனால் கோச்சின் உள்ளங்கையில் கிளிக்கர் என்ற ஒரு சின்னச் சாமான் இருக்கும். வாசலில் நின்று ஆட்களை எண்ணுவார்களே, அதேதான். ஒரு பந்துக்கு ஒரு அழுத்து. பையன் எண்ண மாட்டான், அவனுக்கு வேறு யோசனை. பொப் எண்ண மாட்டான், அதற்குத்தான் நான் இருக்கிறேன். ஆகவே அந்தத் திடலில் கணக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பொறுப்பை நான் ஒருநாளும் இலேசாக எடுத்ததில்லை.

ஜேஸ் இரண்டு தரம் வென்ற பிறகு எங்கள் பிள்ளைகளும் அணிக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவன் ஜனார்த்தன். தொண்ணூற்று நான்கு புரட்டாதியில் அவனுடைய தாய் அருள்மலர் அன்ரி ஒரு தட்டு பற்றீஸோடு எங்கள் அப்பார்ட்மென்றுக்கு வந்தார்.

“தம்பி, உவன் பிசிக்ஸில நாற்பத்தெட்டு எடுத்திருக்கிறான். விடிஞ்சா பொழுதுபட்டா பந்து. எங்கட சனத்தில ஆராவது பந்தெறிஞ்சு வீடு வாங்கினவையே?”

“நான் சொல்லிப் பாக்கிறன் அன்ரி.”

“சொல்லிக் கேக்கிற பிள்ளையெண்டா உங்களிட்ட ஏன் வாறன். நீங்கள் என்ன செய்வியளோ எனக்குத் தெரியாது. அவனுக்கு உது விட்டுப்போக வேணும்.”

நான் உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. முதலில் புத்தி சொன்னேன். திடலைச் சுற்றி முப்பது தரம் ஓடவிட்டேன். அவன் அதையும் விரும்பி ஓடினான். பிறகு ஐப்பசி வந்தது. இங்கே கல்லூரி மட்ச் நடப்பது புரட்டாதி, ஐப்பசி இரண்டு மாதமும்தான். ஐப்பசியில் வெயில் இருக்கும், சூடு இருக்காது. குளிரில் நார்கள் சீக்கிரம் நையும். அன்று ஒவ்வொரு மூன்றாவது பந்துக்கும் நான் கிளிக்கரை அழுத்தவில்லை. மட்ச் முடியும்போது கிளிக்கரில் எண்பத்துநான்கு. அவன் எறிந்தது நூற்று இருபத்தாறு. முழங்கைக்குக் கோடாலித் தைலம் பூசிவிட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடு என்று சொல்லி அனுப்பினேன்.

இனி எறியக் கூடாது என்று டொக்டர் சொன்ன அன்று அவன் உடைமாற்றும் அறையில் இருந்து அழுதான். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது, நான் கல் இல்லை. ஆனால் அடுத்த தவணை பிசிக்ஸில் எண்பத்தொன்று. அருள்மலர் அன்ரி திரும்பவும் ஒரு தட்டுக் கொண்டுவந்தார். எப்படி என்று கேட்கவில்லை. ஜனார்த்தன் இப்போது பக்கத்து நகரமான மார்க்கத்தில் கம்பியூட்டர் கம்பனியில் இருக்கிறான். போன மாதம் அங்கே வீடு வாங்கிக் குடிபூர்ந்தபோது பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தவன் நான். அவனுக்குப் பானையைத் தூக்க முடியவில்லை, அதையும் நானே தூக்கினேன்.

கதை கடைகளிலும் கோயில்களிலும் பரவியது. கைராசிக்கார டொக்டரைப் பற்றிப் பேசுவதுபோல என்னைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் மூன்று தாய்மார் வந்தார்கள். அந்தப் பையன்களின் பெயர்களை இங்கே போடவில்லை, அவர்களுக்குக் கலியாணம் பேசுகிறார்கள். ஒருவன் பல் வைத்தியம் படிக்கிறான். ஒருவன் கணக்காளர் சோதனை எழுதுகிறான். மற்றவன் வங்கியில். நான் ஒரு சதமும் வாங்கவில்லை. மாம்பழப் பெட்டி தந்தார்கள், அதில் பாதி அழுகல்.

ஏன் தமிழ்ப் பையன்களின் கைகள் மட்டும் பழுதாகின்றன என்று கல்லூரி ஒருமுறை கூட்டம் வைத்தது. வாதிட்டு வாதிட்டு, சோறு கூடுதலாகச் சாப்பிடுவதால் இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். பால் குடிக்கச் சொல்லித் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். மொழிபெயர்த்தது நான்.

இனி சுலக்சன். கஸ்பர் அண்ணை இதைத்தான் விரிவாக எழுதச் சொன்னார், ஏனென்றால் சுலக்சனைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்திருந்தது.

வோபர்னில் இருக்கும் யோகராணியின் ஒரே மகன். தகப்பன் இல்லை. பிறவி இடக்கைக்காரன். சாப்பிடவும் எழுதவும் தாய் அவனுக்கு வலக்கையைப் பழக்கிவிட்டார். எறிவதற்கு மட்டும் இடக்கை தப்பிவிட்டது, அந்த வீட்டில் எறிவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தொண்ணூற்றேழில் அவன் எங்கள் அணிக்கு வந்து முதல் பந்தை எறிந்தபோது பொப் வாயிலிருந்த சுவிங்கத்தை விழுங்கிவிட்டான். உண்மையைச் சொன்னால், இன்னொரு தரம் எறி என்று கேட்டவன் நான். அவ்வளவு வடிவு. நான் அவனுக்குச் சில விஷயங்கள் சொல்லிக்கொடுத்தேன். மரியாதையாகக் கேட்டான். பிறகு தன் பாட்டில் எறிந்தான்.

புரட்டாதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆள் பிடிக்கிற ஸ்கவுட் ஒருவர் வந்தார். வேகம் அளக்கிற கருவியைப் பார்த்துவிட்டு, உனக்கு யார் பழக்கியது என்று சுலக்சனிடம் கேட்டார். ஒருத்தரும் இல்லை, பஸ் தரிப்பிடத்துக் கம்பத்துக்குப் பனி உருண்டை எறிந்து பழகினேன் என்றான். நான் மூன்றடி தள்ளி நின்றேன். பெயர் பொறித்த ஜக்கெற் போட்டிருந்தேன். இது ஒரு விஷயமே இல்லை. கதையோடு கதையாக எழுதுகிறேன்.

ஐப்பசி மூன்றாம் சனிக்கிழமை திரும்ப வந்து ஒரு முழு மட்ச் பார்ப்பதாகவும், சரியாக இருந்தால் படிப்புச் செலவு முழுவதையும் தாங்களே ஏற்பதாகவும் ஸ்கவுட் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கிழமை யோகராணி ஒரு தட்டு றோல்ஸோடு வந்தார்.

“அண்ணை, படிப்பு, தங்கிறது எல்லாம் அவங்களாம். இஞ்சினியரிங்தான் படிக்கப்போறானாம். எனக்கு உந்த விளையாட்டு விளங்காது. அவன்ர கையை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ.”

“ஓம் தங்கச்சி. நான் பாத்துக்கொள்ளுறன்.”

மற்றத் தாய்மார் சுற்றிவளைத்துச் சொன்னதையே விளங்கிக்கொண்டவன் நான். யோகராணி தட்டோடு வந்தார். கையைப் பற்றிப் பேசினார். இதற்கு மேல் ஒரு தாய் எப்படிக் கேட்பாள். அதோடு அமெரிக்கா தூரம். அங்கே அவனுக்கு யார் சோறு போடுவது. தனியாக இருக்கிற பையன்களுக்கு என்னென்ன பழக்கம் வரும் என்று பத்திரிகைகளில் வருகிறதுதானே.

அந்தச் சனிக்கிழமை நான்கு பாகை. ஏரிக் காற்று வேறு. ஸ்கவுட் கம்பளி போர்த்திக்கொண்டு முன் வரிசையில் இருந்தார், அவருக்குப் பக்கத்தில் யோகராணி. சுலக்சன் அன்று எறிந்ததுபோல ஒருவரும் எறிந்து நான் பார்த்ததில்லை. எதிரணியில் வந்தவர்கள் எல்லாம் மட்டையைச் சுழற்றிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏழாவது சுற்றில் அவன் வேலியோரமாக என்னிடம் வந்தான்.

“கோச், ஐ திங்க் ஐம் டன். தோள் விறைக்குது. எத்தினை எறிஞ்சிட்டன்?”

நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். எழுபத்தொன்று. அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“குளிராக்கும்,” என்றான்.

“குளிர்தான்,” என்றேன்.

உண்மைக் கணக்கு அப்போது நூற்று முப்பத்தொன்று. அதற்குப் பிறகு இன்னும் பதினெட்டு எறிந்தான். பதினெட்டாவது பந்து பாதி வழியில் விழுந்து உருண்டது. அவன் கத்தவில்லை. வலக்கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தான் பிழை விட்டதுபோல என்னைப் பார்த்தான்.

“சொறி கோச்,” என்றான்.

பரவாயில்லை என்றேன். ஸ்கவுட் புத்தகத்தை மூடினார். யோகராணிக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை, அவர் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு மணித்தியாலம் கூட இருந்தேன். அண்ணை நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம் என்று யோகராணி என் கையைப் பிடித்து அழுதார். அந்தப் புலமைப்பரிசில் வேறு யாரோ ஒரு பையனுக்குப் போனது. சுலக்சன் தை மாதத்துக்குப் பிறகு கல்லூரிக்கு வரவில்லை. கட்டணம் கட்ட வழியில்லையாம், மரக்கறிக் கடை ஒன்றில் நிற்கிறான். இது மட்டும்தான் எனக்கு விளங்காத விஷயம். எழுதுகிற கை நன்றாகத்தானே இருக்கிறது.

பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, பொய் சொன்னேன் என்று சொன்னேன். எத்தனை தரம் என்று சுவாமி கேட்டார். எண்ணவில்லை என்றேன். அதுவும் பொய்தான். அறுபத்தைந்து பந்துக்கு நான் கிளிக்கரை அழுத்தவில்லை, சுலக்சனுக்கு மட்டும். ஒவ்வொன்றும் எந்தச் சுற்றில் என்று இன்றைக்கும் சொல்வேன்.

கஸ்பர் அண்ணையிடம் ஒரேயொரு வேண்டுகோள். பொன்னாடையை எம்.பி. ஒருவர் போர்த்துவார் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம். சுலக்சன் போர்த்தட்டும். கடையில் லீவு கேட்டு நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். அவனால் இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது, ஆனால் நான் நன்றாகக் குனிந்து கொடுப்பேன். அவ்வளவு பணிவு எனக்கு உண்டு.

போர்த்தி முடிந்ததும் யாராவது ஒருவர் ஒலிவாங்கியை அவனிடம் நீட்டி, உனக்குப் பந்தெறியப் பழக்கியது யார் என்று கேட்டால் நல்லது. இந்த முறை அவன் என் பெயரைச் சொல்லுவான்.