சத்தமில்லாத குளிர்பெட்டி

ஈனிட்: ...கட்டில்ல நாலு கம்பளி, ஜன்னல்ல ஏர்கண்டிஷன் குளிர்பெட்டி! இத எங்க போய்ச் சொல்ல?

மில்ட்ரெட்: மெதுவாப் பேசுங்க மதினி. மெக்கானிக் நிக்காரு.

ஈனிட்: கேக்கட்டுமே. இந்தப் பூனாவுல சாயந்திரமானா ஊரே ஸ்வெட்டர் தேடுது. என் தம்பி வால்டருக்கு மட்டும் வேர்த்துக் கொட்டுதாக்கும்?

மில்ட்ரெட்: அவியளுக்கு இல்ல... எனக்குத்தான். எனக்குச் சூடு தாங்காது.

ஈனிட்: உனக்கா? நம்மூரு நாசரேத்துல சித்திர வெயில்ல செருப்பில்லாம கோயிலுக்கு நடந்தவ நீ! கல்யாணமாகி இங்க வந்ததும் மேம்சாப் ஆயிட்டியோ?

பாட்சா: அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. முன்மூடியக் கழட்டுறேன்... அரே! பில்டரா இது? மெத்தை மாதிரில்ல இருக்கு!

ஈனிட்: மெத்தைதான் பாட்சா. அவ்வளவு சொகுசு இந்த வீட்டுல.

பாட்சா: இதுக்குள்ள எப்படிம்மா காத்து வரும்? மூச்சு முட்டி நின்னு போச்சு. எப்ப நின்னுச்சு?

மில்ட்ரெட்: திங்கக்கிழமை. அதுலேருந்து கண்ணுல பொட்டுத் தூக்கம்—

ஈனிட்: என்னது?

மில்ட்ரெட்: ஒண்ணுமில்ல.

பாட்சா: இத்தனை தூசி ஒரு கோடைல சேராதும்மா. குளிர்காலத்துலயும் ஓட்டுனீங்களா?

மில்ட்ரெட்: இல்லல்ல...

ஈனிட்: டிசம்பர்லயா? ஏளா! அப்ப நாடே நகையக் கழட்டிக்கிட்டு இருந்துச்சு. சீனாக்காரனோட சண்டைன்னு நான் கையில கெடந்த வளையல உருவி யுத்த நிதிக்குக் குடுத்தேன். நீங்க இங்க கதவச் சாத்திக்கிட்டுக் குளிர்பெட்டி ஓட்டினியளா?

மில்ட்ரெட்: விசிறி மட்டும்தான் மதினி... எப்பவாவது.

ஈனிட்: நல்லா இருக்கு, நல்லா இருக்கு!

பாட்சா: இந்த பில்டரக் குழாயடியில வச்சுக் கழுவிட்டு வாரேன். வெயில்ல காயட்டும். நீங்க பேசிட்டிருங்க.

ஈனிட்: பேசத்தானே வந்தேன். சொல்லுளா, சீமைக்குக் கப்பலேறிப் போன அந்த வெள்ளக்காரத் துரைசாணிகிட்ட வால்டர் இந்தப் பெட்டிய வாய் திறந்து கேட்டானா, அவளாக் குடுத்தாளா?

மில்ட்ரெட்: கேட்டாவ.

ஈனிட்: கேட்டானா! வருசக் கணக்கா அவ பியானோவுக்குச் சுருதி கூட்டியிருக்கான். போறப்ப அந்தப் பியானோவக் கேட்டிருந்தா, வீட்டுக்கு ஒரு லட்சணம். இந்தத் தகரப் பெட்டியக் கேட்டிருக்கான் புத்திசாலி.

மில்ட்ரெட்: அவிய புத்தி அவியளுக்கு.

ஈனிட்: அதுவும் எப்பேர்ப்பட்ட பெட்டி! கடகடகடன்னு... போபோடில இருக்க மாவு மில்லு தோத்துச்சு. போன தடவை நான் இந்தப் பக்கத்து ரூம்ல படுத்திருந்தேன் பாரு—

மில்ட்ரெட்: தூங்கலன்னு சொல்லிறாதிய. காலைல காப்பிக்கு மூணு தடவ எழுப்பினேன்.

ஈனிட்: ...அது அலுப்புல.

பாட்சா: இந்த வெயிலுக்கு பில்டர் அதுக்குள்ள காஞ்சிருச்சும்மா. பின்னாடி தகடெல்லாம் பிரஷ்ஷால தேச்சுட்டேன். மோட்டாருக்கு ரெண்டு சொட்டு எண்ணெயும் விட்டாச்சு. இப்பப் பாருங்க. முதல்ல விசிறி... ஓடுதா? ஒரு நிமிசம் இருங்க. இப்பக் குளிருக்குத் திருப்புறேன்... பஸ், அவ்வளவுதான்!

ஈனிட்: ஓடுதா? எனக்கு ஒண்ணும் கேக்கலயே.

பாட்சா: அதான் டீச்சரம்மா, பாட்சாவோட வேலை! பெட்டிக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவுல ரப்பர் குடுத்துட்டேன். கைய நீட்டிப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும். பக்கத்துல பூனை நடந்தா அது கேக்கும், இது கேக்காது.

மில்ட்ரெட்: ஐயோ... ரப்பரா? யாரு வைக்கச் சொன்னா?

பாட்சா: யாரும் சொல்லலம்மா. நானா வச்சேன்.

மில்ட்ரெட்: எடுத்துருங்க.

பாட்சா: என்னாது?

மில்ட்ரெட்: அந்த ரப்பர எடுத்துருங்க. பழைய சத்தம் வரணும்.

பாட்சா: அம்மா... சத்தத்த நிறுத்தச் சொல்லித்தான் எல்லாரும் என் கடைக்கு ஆளனுப்புறாங்க. நீங்க—

ஈனிட்: விளங்கலயா பாட்சா? சத்தம் கேக்கலன்னா, இவங்க வீட்டுல குளிர்பெட்டி இருக்கறது தெருவுக்கு எப்படித் தெரியும்? பவிசு! வேற என்ன?

மில்ட்ரெட்: ஆமா, பவிசுதான். எடுத்துருங்க.

பாட்சா: நல்ல வேலையக் கெடுக்கச் சொல்றீங்க. என் பேரச் சொல்லாதீங்கம்மா யாருகிட்டயும்... இந்தாங்க. உருவிட்டேன். கேக்குதா?

மில்ட்ரெட்: கேக்குது. போதும்... அப்படியே இருக்கட்டும்.

பாட்சா: படிச்சவங்க வீட்டுக் கூத்து அல்லாவுக்குத்தான் வெளிச்சம். முற்றத்துல கை கழுவிட்டுக் கெளம்புறேன்.

ஈனிட்: சிரிச்சுட்டுப் போறான் பாரு. அந்த ஆளு சிரிக்கற அளவுக்கு எங்க குடும்பத்தக் கொண்டாந்து நிறுத்திட்ட. என்னளா, அழுவுறியா? பண்ணறதயும் பண்ணிட்டு—

மில்ட்ரெட்: போதும் மதினி! எனக்குச் சூடும் இல்ல, பவிசும் இல்ல. உங்க தம்பிக்குக் காதுல ஒரு சத்தம்.

ஈனிட்: ...என்ன சத்தம்?

மில்ட்ரெட்: வண்டு குடையற மாதிரி 'ஙொய்'ன்னு... ஓயறதே இல்ல. வீடு அடங்கிட்டா அது இன்னும் பெருசாக் கேக்குமாம். எந்திரிச்சு உக்காந்து தலையில அடிச்சுக்கிடுவாவ. துரைசாணி வீட்டுல இந்தப் பெட்டி ஓடறப்ப அது அமுங்கிப் போச்சாம். நாற்காலில உக்காந்தபடியே தூங்கிட்டாவ. அதான் கேட்டு வாங்கினாவ.

ஈனிட்: டாக்டர்கிட்ட?

மில்ட்ரெட்: கன்டோன்மென்ட்டுல எந்த டாக்டர் வீட்டுப் பியானோவ அவிய தொடல? விசயம் அங்கிருந்து கிளப்புக்குப் போகும், கான்வென்ட்டுக்குப் போகும். காதுல கோளாறுன்னு தெரிஞ்சா எவன் கூப்பிடுவான் சுருதி கூட்ட? அதான் நான் என் தலைல போட்டுக்கிட்டேன். சொகுசுக்காரின்னு நீங்க வையலாம், தெரு வையலாம். அவிய பொழப்பு நிக்கணும். திட்டணும்னா திட்டிருங்க.

ஈனிட்: பாட்சா போயிட்டானா?

மில்ட்ரெட்: சைக்கிள எடுக்காரு. ஏன்?

ஈனிட்: ஓடிப் போய் நிறுத்து. இதே மாதிரி கடகடன்னு பழைய பெட்டி இன்னொண்ணு கெடைக்குமான்னு கேளு. குளிரலன்னாலும் சரிதான்... வால்டர்கிட்ட மட்டும் சொல்லிராத, மில்ட்ரெட். எனக்கும் ரெண்டு காதுலயும் குடையுதுளா அந்த வண்டு.