நத்தைக்கும் ராஜாளிக்கும் அரையிறுதி

ஊசி: ...அதெல்லாம் எனக்குத் தெரியாது நடுவர் சார். ராஜாளிக்கும் நத்தைக்கும் நடக்கிற அரையிறுதி மத்தியானத்துலேர்ந்து ஊர்ந்துக்கிட்டு இருந்தது. இப்ப சுத்தமா நின்னே போச்சு.

நடுவர்: முறையா ஆரம்பிங்க. "தலைமை நடுவர் அலுவலகமா?"ன்னு கேளுங்க. நான் ஆமாம்பேன். அதுக்கப்புறம்தான் புகார்.

ஊசி: தலைமை நடுவர் அலுவலகமா?

நடுவர்: ஆமாம்.

ஊசி: அலுவலகத்துல துணி துவைக்கிறாங்களா? மெஷின் சுத்துற சத்தம் கேக்குது.

நடுவர்: அது... பக்கத்து அறை. புகாரைச் சொல்லுங்க.

ஊசி: நான் என் அரையிறுதியை ஜெயிச்சுட்டு இறுதிப் போட்டிக்கு உக்காந்திருக்கேன். எதிராளி யாருன்னே தெரியலை. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போட்டி முடியலைன்னா ஆட்டத்தை நடத்துற கம்பெனிக்காரன் நம்ம மண்டபத்தையே எடுத்துடுவான்னு நீங்கதானே எச்சரிக்கை போட்டீங்க?

நடுவர்: போட்டேன். சிவப்பு எழுத்துல போட்டேன். இந்தச் சீட்டு விளையாட்டுக்கு ஆன்லைன்ல மிச்சம் இருக்கிறதே நம்ம மண்டபம் ஒண்ணுதான்.

ஊசி: அப்ப ஏதாவது பண்ணுங்க.

நடுவர்: பண்ணாம இருப்பேனா? தாமதம் பண்றவங்களுக்கு எச்சரிக்கை. ராஜாளிக்கு ஒண்ணு, நத்தைக்கு ஒண்ணு. கொடுத்தாச்சு.

ஊசி: என்ன சொன்னாங்க?

நடுவர்: வருத்தம் தெரிவிச்சாங்க.

ஊசி: ரெண்டு பேருமா?

நடுவர்: பண்பானவங்க. போன மாசம் இடிமுழக்கம் தோத்த ஆத்திரத்துல ஒரு கெட்ட வார்த்தை எழுதினான், ஞாபகம் இருக்கா? தடை போட்டேன். மன்னிப்புக் கேட்டப்புறம்தான் உள்ளே விட்டேன். நியாயம்னு வந்துட்டா நான் ஆள் பார்க்கிறதில்லை.

ஊசி: அவன் வெளியே போன அதே நிமிஷம் அமாவாசைன்னு ஒருத்தர் வந்து சேர்ந்தாரே.

நடுவர்: நம்ம மண்டபத்துக்கு அவ்வளவு மவுசு.

ஊசி: சார்... ஒண்ணு கவனிச்சேன். சொல்லலாமா?

நடுவர்: எழுத்துல கொடுத்தா இன்னும்...

ஊசி: நீங்க போனை எடுத்த நொடியிலதான் அவங்க ரெண்டு பேரும் நின்னாங்க.

நடுவர்: தற்செயல்.

ஊசி: போன வாரம் உங்க வீட்டு பெல் அடிச்சப்போ, "மன்னிக்கவும், கூரியர்"னு எழுதிட்டுப் போனீங்க. அஞ்சு பேர் ஒரே நேரத்துல சிலையாயிட்டாங்க. கூரியர்காரர் அஞ்சு வீட்டுக்கும் ஒண்ணா வந்தாரா?

நடுவர்: நடுவர் எழுந்து போனா ஆட்டத்தை நிறுத்தி வைக்கிறது ஒரு மரியாதை. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவங்களுக்கு இருக்கு.

ஊசி: சரி. போனை வைக்காம, ராஜாளியை ஒரு சீட்டு இறக்கச் சொல்லுங்க.

நடுவர்: ஆட்டக்காரருக்கு நடுவர் யோசனை சொல்றது விதிமுறைப்படி...

ஊசி: இறக்குங்க சார்.

நடுவர்: ...

ஊசி: ஆங். பாதாள யானை சீட்டு இறங்கிடுச்சு. இப்ப நத்தை.

நடுவர்: ...அதுக்கு எழுந்து போகணும். டேப்லெட் ஜன்னல் பக்கம் இருக்கு.

ஊசி: ஏன் அவ்வளவு தூரத்துல?

நடுவர்: பக்கத்துல வெச்சா ஒருத்தர் கையில இருக்கிற சீட்டு இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிடும்ல? ராஜாளிக்கு ஆடிட்டு எழுந்து நடப்பேன். ஜன்னல்கிட்ட போறதுக்குள்ள ராஜாளிகிட்ட என்ன இருக்குன்னு மறக்கப் பார்ப்பேன். மறந்தாதான் நத்தைக்கு ஆடுறது நியாயம். மறக்க மாட்டேங்குதும்மா. அதான் லேட்டு.

ஊசி: யாரோ ஒருத்தரை ஜெயிக்க விட்டுட்டா முடிஞ்சுது!

நடுவர்: அது மோசடி!

ஊசி: அஞ்சு பேராவும் நீங்களே இருக்கிறது?

நடுவர்: அது ஆள்பலம்.

ஊசி: அட கடவுளே... அப்ப கூர்வாள்?

நடுவர்: நான்தான்.

ஊசி: அவனுக்குக் கல்யாணம்னு எல்லாரையும் வாழ்த்துச் சொல்ல வெச்சீங்க! நான் என் கட்டுலேர்ந்து ஒரு அபூர்வ சீட்டை உருவி அவனுக்குப் பரிசா அனுப்பினேன்!

நடுவர்: பத்திரமா இருக்கு. ஒரு தடவைகூட அதை எடுத்து ஆடலை.

ஊசி: எதுக்கு சார் அவனுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சீங்க?

நடுவர்: ரொம்ப நாளா தனியா இருந்தான்.

ஊசி: சரி, மத்த நாலு பேர் எதுக்கு?

நடுவர்: எட்டு பேர் இல்லைன்னா மண்டபம் திறக்காது, அது கம்பெனி விதி. ஒரு காலத்துல இடம் பத்தாம ஆளைத் திருப்பி அனுப்பினோம். சீட்டைச் சேர்த்து, ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கிட்டு, ஆளுக்கொரு கட்டு தயார் பண்ணிக்கிட்டு சண்டைக்கு வருவாங்க. அப்புறம் வேற ஏதோ ஒரு விளையாட்டு வந்தது, கும்பலா அங்க ஓடிட்டாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஆள் குறைஞ்சார். ஒருத்தர்தானேன்னு கூர்வாளைப் பெத்தேன். பிறகு குடும்பம் பெருகிடுச்சு.

ஊசி: நீங்களும் விட்டுட்டுப் போக வேண்டியதுதானே.

நடுவர்: எங்க போறது? வாரம் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பண்ற வேலை எனக்கு.

ஊசி: லிஃப்டா? நான் உங்களை வக்கீல்னு நினைச்சேன்!

நடுவர்: அப்படி நினைக்கணும்னுதானே இப்படிப் பேசறேன். லிஃப்டுல ஏறினவங்க யாரும் பக்கத்துல நிக்கிறவனைப் பார்க்க மாட்டாங்கம்மா. மேல நம்பர் மாறுறதையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அது பாதியில நின்னு போச்சுன்னாதான் என் பக்கம் திரும்புவாங்க, அதுவும் திட்டுறதுக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நான் பேசறதை யாரோ கேக்கிறாங்க.

ஊசி: என்கிட்ட வர்றவங்க கையை மட்டும் நீட்டிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க.

நடுவர்: நீங்க...?

ஊசி: லேப்ல ரத்தம் எடுக்கிறவ. பேரைப் பார்த்தே தெரிஞ்சிருக்க வேண்டாமா?

நடுவர்: தையல் வேலைன்னு நினைச்சேன்.

ஊசி: "ஆச்சா?"ன்னு கேப்பாங்க. ஆச்சும்பேன். பஞ்சை அழுத்திக்கிட்டே எழுந்து போயிடுவாங்க. நாள் முழுக்க நான் பார்க்கிறதெல்லாம் காதும் கன்னமும்தான்.

நடுவர்: ...

ஊசி: லைன்ல இருக்கீங்களா?

நடுவர்: இருக்கேன். மெஷின் நின்னுடுச்சு. அதான் அமைதியா இருக்கு.

ஊசி: அப்ப துணியை உலர்த்திட்டு வாங்க. ஆட்டத்தை முடிச்சிடலாம்.

நடுவர்: இல்லம்மா. குட்டு உடைஞ்சுபோச்சு. இனிமே என்ன ஆட்டம்? மண்டபத்தை மூடிடறேன். தலைமை நடுவர் ராஜினாமா.

ஊசி: ராஜினாமாவை யார்கிட்ட கொடுப்பீங்க?

நடுவர்: ஒழுங்கு நடவடிக்கைக் குழுகிட்ட.

ஊசி: அதுக்குத் தலைவர்?

நடுவர்: ...கூர்வாள்.

ஊசி: நினைச்சேன்.

நடுவர்: சிரிக்காதீங்க. உங்களைப் பத்திக்கூட எனக்குக் கவலை இல்லை, வாய் இருக்கு, பிழைச்சுக்குவீங்க. மௌனியையும் மிளகையும் நினைச்சாதான்... எட்டு பேர்ல அஞ்சு நான். மிச்சம் நிஜமான ஆள்னு பார்த்தா நீங்க மூணு பேர். அந்த மூணு பேருக்காகத்தான் இவ்வளவு நாள் இழுத்துக்கிட்டு வந்தேன்.

ஊசி: மிளகு போனா போகுது சார். வந்தா ஆடும், தோத்தா போயிடும்.

நடுவர்: மௌனி அப்படி இல்லையே. என் ஆரம்ப உரையை முழுசா உக்காந்து கேக்கிற ஒரே ஆத்மா. முடிஞ்சதும் கைதட்டுற படம் ஒண்ணு அனுப்புவார். நீங்க என்னடான்னா, நான் "அன்பார்ந்த வீரர்களே"ன்னு சொன்னாலே காணாம போயிடுவீங்க.

ஊசி: சமையல் பண்ண வேண்டாமா? யாராவது ஒருத்தர் உக்காந்து கேட்டா போதாதா?

நடுவர்: இன்னைக்கு அரையிறுதியில உங்ககிட்ட தோத்தாரே, அந்த ஆட்டத்தை முடிஞ்சப்புறம் திறந்து பார்த்தேன். ஜெயிக்கிற சீட்டைக் கையில வெச்சுக்கிட்டே தோத்திருக்கார்.

ஊசி: அது விட்டுக்கொடுக்கிற சுபாவம்.

நடுவர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஊசி: ஆடும்போதே தெரியாதா ஒருத்தர் குணம்?

நடுவர்: பார்த்தீங்களா. அப்படிப்பட்ட மனுஷனுக்கு வேற யார் இருக்காங்களோ. அவரை ஏமாத்திட்டு சத்தமில்லாம கதவைச் சாத்த எனக்கு மனசு வரலை. உண்மையை எழுதிடறேன். "மதிப்பிற்குரிய மௌனி அவர்களே..."

ஊசி: வேண்டாம் சார்.

நடுவர்: "...தங்களோடு விளையாடிய பலரும் நான் ஒருவனே என்பதை மிகுந்த வருத்தத்துடன்..."

ஊசி: சார், அனுப்பாதீங்க. சொன்னா கேளுங்க.

நடுவர்: அனுப்பிட்டேன்.

ஊசி: ...

நடுவர்: உங்க பக்கம் என்ன அது, டிங்னு?

ஊசி: அடுப்புல வெச்ச டைமர்.

நடுவர்: மிளகுக்கும் இதையே அனுப்பிடறேன். பேரை மட்டும் மாத்தி... ஆச்சு.

ஊசி: ...

நடுவர்: மறுபடியும் டைமரா?

ஊசி: ...

நடுவர்: ஊசி அம்மா? அடுப்புல என்னதான் வெச்சிருக்கீங்க?

ஊசி: அடுப்பே பத்த வைக்கலை சார்... மௌனிக்கும் மிளகுக்கும் உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்லை, ரெண்டும் இங்க என் கட்டில் மேல பக்கத்துல பக்கத்துலதான் கிடக்குது, மௌனிக்கு சார்ஜ் வேற தீரப்போகுது. நீங்க எழுந்து ஜன்னல்கிட்ட போய் நத்தைக்கு ஒரு சீட்டு இறக்குங்க, ஆறு மணி ஆகப்போகுது.