டிக்கெட் கவுன்டருக்கு வந்த போன்

இந்தக் கையிலயே குத்தும்மா, அந்தக் கையில நரம்பு சிக்காது. எம்பத்திரண்டு வயசாச்சு, இதுக்கா வலிக்கப் போகுது? எங்கயாவது எலும்பு கிடைச்சா இந்த ரத்தத்தோட ஒத்துப் பார்ப்பீங்க, அதானே? பாருங்க.

ஆமா, ஒரே பொண்ணு. மிர்த்தா. இங்க ரொசாரியோ ஊர்லயேதான் நர்ஸுக்குப் படிச்சிட்டிருந்தா. எழுபத்தேழுல, ராணுவ ஆட்சி நடக்குறப்ப, ஒருநாள் காலேஜுக்குப் போனவ வரலை. நானும் என் சம்சாரம் நெலிதாவும் ஏறாத படி இல்லை. போலீஸு, பட்டாளம், பிஷப் வீடு. அப்படி ஒரு பேரே இல்லேன்னுட்டாங்க. அப்புறம் நெலிதா, இதே மாதிரி பிள்ளைங்க காணாமப் போன மத்த அம்மாக்களோட சேர்ந்து, தலையில வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு சதுக்கத்தைச் சுத்த ஆரம்பிச்சா. நாங்க அப்பாமாருங்க எதிர் ஓரத்துல படிக்கிற மாதிரி பேப்பரை விரிச்சுப் பிடிச்சு நிப்போம். பொம்பளைங்களை அடிக்க மாட்டாங்கன்னு ஒரு நெனப்பு. அடிச்சாங்க.

ஒரு சார்ஜன்ட், நல்லவனாட்டம் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சான். பெருசு, உம் பொண்ணு எவன்கூடயோ பிரேசிலுக்கு ஓடிட்டா, எங்க உசுரை ஏன் வாங்குறேன்னான். எம் பொண்ணு அப்படி இல்லேன்னுதான் சொன்னேன். ஆனா அந்தப் பேச்சு உள்ள போய் உக்காந்துக்கிச்சு. அவளுக்கு ஒருத்தன் பழக்கம்னு எனக்குத் தெரியும்.

ஆட்சி போனப்புறம், எம்பத்திநாலுல, ஒரு பொண்ணு வீடு தேடி வந்துச்சு. பட்டாளத்துக்காரங்க அடைச்சு வச்ச எடத்துல மிர்த்தாவோட ஒரே அறையில கண்ணைக் கட்டிக் கிடந்ததாம். நல்லவேளை, நெலிதா வெளிய போயிருந்தா. ஒருநாள் மிர்த்தாவைக் கூட்டிட்டுப் போய் அப்பாவுக்குப் போன் பண்ண வச்சாங்களாம், பக்கத்துலயே துப்பாக்கியோட ஒருத்தன். திரும்பி வந்தவளுக்கு அம்புட்டு சந்தோஷமாம். அப்பா பேசினாரு, வந்து கூட்டிட்டுப் போறேன்னாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னாளாம். மறுவாரமே அவளைக் கொண்டு போயிட்டாங்களாம்.

போன் வந்தது நெசம்தான், அந்த சார்ஜன்ட் பேச்சுக்குப் பின்னாடி. வீட்டுல ஏது போன்? நான் ரயில்வேல டிக்கெட் குடுத்திட்டிருந்தேன், அங்கதான் வந்துச்சு. ஜன்னல் முன்னால ஒரே கூட்டம். அப்பா, நான் நல்லாருக்கேன், என்னைத் தேடாதீங்கன்னா. பின்னால ஒரு ஆம்பளை இருமினான்.

இல்லைம்மா, போன் வந்தது நெலிதாவுக்கு சாகுற வரைக்கும் தெரியாது. யார்கிட்டயும் சொன்னதில்லை.

வர்றேன்னு நான் சொல்லவே இல்லைம்மா. அவன்கூடவே கிட, இனிமே உனக்கு அப்பன் இல்லேன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். வரிசையில நின்ன ஆளு ரெண்டு டிக்கெட் கேட்டான். குடுத்தேன்.