இரும்பு வீரய்யாவின் இடது முட்டி

“ஹலோ… ஹலோ… யாரு? … அண்ணே! … ஆ, கேக்குது, கேக்குது… இருங்க, ஜன்னல் பக்கம் வர்றேன்… இப்ப? … ம், இப்ப நல்லாக் கேக்குது.”

ஜீவராணி தொலைபேசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னல் கட்டையில் வைத்தாள். ஏரியல் வைத்த அந்த வீட்டுத் தொலைபேசியை அவளுடைய அண்ணன் முத்துலிங்கம்தான், கட்டாரிலிருந்து போன வருஷம் லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்திருந்தான். சுவரோடு கட்டிவைக்கக் கம்பி கிடையாது. லயத்து வரிசை வீட்டுக்குள்ளே எங்கே வைத்தாலும் கரகரக்கும். ஜன்னலுக்கு வந்தால்தான் மனிதக் குரல் கேட்கும்.

“அந்தச் சத்தமா? அது மைக்கு. கிரவுண்ட்ல விடிஞ்சதுல இருந்து கட்டி வச்சி அலறுறானுங்க… ஆமா, இன்னைக்கித்தான். பௌர்ணமி, போயா லீவு… ஆமா, ஆமா, கீழ்க்கணக்கோடதான்… தெரியுமே! ஒங்களுக்கு அங்க வெள்ளிக்கெழம லீவு, நேரம் பாத்துத்தான் போன் போட்டிருக்கீங்க. தங்கச்சி எப்பிடி இருக்கான்னு கேக்கவா போட்டீங்க? புட்போல் மேச்சு எப்பிடி இருக்குன்னு கேக்கப் போட்டீங்க!”

றொசல்லைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டம் இரண்டு பிரிவாகக் கிடந்தது. மேலே இருப்பது மேல்கணக்கு, ஆற்றோரம் இருப்பது கீழ்க்கணக்கு. ஒரே துரை, ஒரே தேயிலை ஸ்டோர், ஒரே மாரியம்மன். பந்து என்று வந்துவிட்டால் மட்டும் இரண்டு நாடு. தொண்ணூறுகளில் மேல்கணக்கு யுனைட்டட் கழகம் பக்கத்துத் தோட்டங்களையெல்லாம் நடுங்க வைத்தது என்று சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் முதல் ஆள் முத்துலிங்கம். அவன் ஒருநாளும் பந்தை உதைத்ததில்லை. உதைக்கச் சொல்லிக் கத்தியவன். மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று அவன் போட்ட சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை போகும். கழகத்துக்கு இருபத்தைந்தாம் வருஷம் என்று பழைய ஆட்டக்காரர்களை இறக்கி ஒரு போட்டி வைக்கச் சொன்னதும் அவன்தான். கட்டாரிலிருந்து சிவப்புச் சட்டைகளும் அனுப்பியிருந்தான்.

“எப்பிடி இருக்காங்களா? … இருங்க, எட்டிப் பாத்துச் சொல்றேன்… அண்ணே, நீங்க அனுப்புன சட்ட ஒருத்தருக்காச்சும் தொப்புளத் தாண்டணுமே! … சத்தியமா. வரிசையா நிக்கிறாங்க, மா மூட்ட அடுக்குன மாதிரி… யாரு, செல்லசாமியா? … ஆமா, ஆமா, முரட்டு ஆளுதான். யாரு இல்லேன்னா? காலத் தூக்குனா எதிராளி இடுப்பு வரைக்கும் போகும்… ஆனா அண்ணே, அந்த மனுசன் மழ பேஞ்சா மலைக்குப் போகமாட்டாரு, தெரியுமா? அட்டைக்குப் பயம். போன மாசம் ஒரு அட்ட ஏறுனதுக்கு, வேல வாங்க நின்ன ஐயாவப் பாத்து ‘கண்டாக்கையா, கண்டாக்கையா’ன்னு அழுதாரு. பொம்பளைங்க நாங்கதான் புடுங்கிப் போட்டோம்… சிரிக்காதீங்க. ஒங்க சிங்கம்!”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“கந்தப்பனா? … இருக்காரே, கோலுக்குள்ள நிக்கிறாரு. அவருக்குப் பந்தப் புடிக்க எங்க தெரியும், ஆளத்தான புடிப்பாரு… ஆமா, ஆமா, கம்பத்துல மோதி முன்பல்லு ரெண்டும் போச்சு. அதப் பொறுக்கி நீங்க லேஞ்சியில முடிஞ்சிக்கிட்டு, தூக்கிக் காட்டிக் காட்டி கிரவுண்டச் சுத்தி ஓடுனீங்களே! சாமி ஊர்வலம் போன மாதிரி… மறப்பேனா? நான் கொழுந்துக்கூடைய எறக்கி வச்சிட்டு மேட்டுல நின்னு பாத்தேன்ல… இப்ப அந்தாளு ரொட்டியத் தேத்தண்ணியில ஊற வச்சித் தின்னுறாரு. அத யாரு சுத்தி ஓடிக் காட்டுனா? … இல்ல, சும்மா சொல்றேன்.”

கீழே மைக்கில் யாரோ பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் மேலே ஏறி வந்தது.

“அவரா? … வீட்டுல இல்லையே. காலையிலேயே சாரத்தக் கட்டிக்கிட்டு போயிட்டாரு… பாக்கத்தான். பரிசு குடுக்கிற மேசையில ஒக்காரச் சொல்லியிருக்காங்களாம்… என்னா சட்ட? … நாலாம் நம்பரா? … அண்ணே, நாலாம் நம்பரு யாருக்கு?”

முத்துலிங்கம் மறுபடி செல்லசாமியின் சட்டையைப் பற்றிக் கேட்டான்.

ஜீவராணி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே உடம்பை வளைத்துப் பார்த்தாள். தேயிலைக்குக் கீழே பாதை, பாதைக்குக் கீழே மைதானம். மேல்கணக்குக் கோல் கம்பத்துக்கு முன்னால் ஒரு சிவப்புச் சட்டை தனியாக நடந்துகொண்டிருந்தது. இவ்வளவு உயரத்திலிருந்து முகம் தெரியாது. முகம் தெரிந்துதான் ஆகவேண்டுமா? இடது காலை வெளிப்பக்கமாக வீசிப்போடும் அந்த நடையைத் தோட்டத்தில் வேறு யார் நடக்கிறார்கள்? அவளுடைய புருஷன் வீரய்யா. கழகத்துக்காரர்களுக்கு இரும்பு வீரய்யா.

“நீங்களா எறங்கச் சொன்னீங்க? … அண்ணே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நீங்களா சொன்னீங்க? … ‘பத்து நிமிசந்தான்’னா? வர்ற திங்கக்கெழம கண்டி ஆஸ்பத்திரியில ஒபரேசன், தெரியுமா ஒங்களுக்கு? … எப்பிடித் தெரியும்! ‘மச்சான்கிட்ட சொல்லிறாத, மானம் போயிரும்’னு என் வாய அடச்சி வச்சிருக்காரு. ஒன்றர வருசமா அலஞ்சி கெடச்ச நாளு அண்ணே. முட்டி வீங்கியிருந்தா கத்தியே வைக்க மாட்டேன்னு டொக்டர் மாத்தயா கண்டிசனாச் சொல்லியிருக்காரு… வீங்காதா? நீங்க கட்டார்ல இருந்து வீங்காதுன்னு சொன்னா அது கேட்டுக்குமா?”

அந்த முட்டியின் கதை தோட்டத்துக்கே தெரியும். தொண்ணூற்றைந்தில் ஹற்றனில் நடந்த இறுதிப் போட்டி. ஆட்டம் முடியப்போகும் நேரம் எதிராளி ஒருவன் பந்தோடு தனியாகப் போனான். பின்னால் இருந்து ஓடிவந்த வீரய்யா பக்கவாட்டில் சறுக்கி விழுந்து பந்தை வெளியே தள்ளினான். பந்தும் போனது, ஆளும் போனான், கூடவே வீரய்யாவின் முட்டியும் போனது. கோப்பை மேல்கணக்குக்கு வந்தது. முட்டி போன மனிதனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு லயம் லயமாகச் சுற்றிக்காட்டிவிட்டு, மறுநாள்தான் தோட்டத்து லொரியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அதன்பிறகு சரிவில் நின்று கவ்வாத்து வெட்ட அவனால் முடியவில்லை. தேயிலைக் கன்று வளர்க்கும் மேடைக்குக் காவல் இருக்கும் வேலையைக் கொடுத்தார்கள். கத்தி பிடித்த கைக்கு ஒரு டோர்ச் லைட் கிடைத்தது.

“அந்த மேச்சா? … ஆமா, தெரியும், நானும் இருந்தேன்… இல்ல! யாரு சொன்னா பெனால்டின்னு? பந்துலதான் மொதல்ல கால் பட்டுச்சு… பந்துலதான் அண்ணே! அப்புறந்தான் ஆளு மேல… ஆமா, அவன் என்னா நடிப்பு நடிச்சான்! உருண்டு உருண்டு கோடு வரைக்கும் போனான்ல… ஆமா, ஆமா, இவரு இப்பிடிச் சாஞ்சாரு, இந்தப் பக்கமா, அப்பிடியே வழுக்கிக்கிட்டு…”

சாய்ந்த விதத்தை அவளுடைய வலது கை ஜன்னலுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பருப்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. ‘சுர்’ என்ற சத்தத்தில்தான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கையை இறக்கினாள்.

“நானுந்தான் கத்துனேன், இல்லேங்கல. அப்ப அது வேற வீட்டு முட்டி அண்ணே. இப்ப எங்க வீட்டு முட்டி. ராவைக்கு ராவைக்கு எண்ண காய்ச்சித் தேய்க்கிறது நானு… நீங்க என்னா செஞ்சீங்க? இரும்பு இரும்புன்னு கத்துனது பத்தாம, இரும்ப வீட்டுக்கே கொண்டுவரணும்னு எனக்குக் கட்டி வச்சீங்க. கழகத்துக்குக் கோப்ப, ஒங்களுக்கு மச்சான், எனக்கு முட்டி… குத்தமாச் சொல்லல. நல்ல மனுசன். அவரக் குத்தம் சொல்லல… ஒங்களத்தான் சொல்றேன்.”

கீழே விசில் ஊதிவிட்டார்கள்.

“இந்தா, தொடங்கிருச்சு. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. இத வச்சிட்டு கிஷாந்துக்குப் போன் போடுங்க. அவன்தான செக்ரட்டரி, மைக்குக்கிட்டதான் நிப்பான். நாலாம் நம்பர வெளிய எடுன்னு சொல்லுங்க… நான் அடிச்சா எடுக்க மாட்டான், எங்க நம்பரப் பாத்தாலே ஒளிஞ்சிக்குவான். நீங்கதான சட்ட வாங்கிக் குடுத்த ஆளு, ஒங்க வார்த்தைய மீறுவானா? … ஏன் முடியாது? … சனம் என்னா சொல்லுமா? … சனம் அவரப் பாக்கத்தான் வந்திருக்கா? அப்ப பாத்தாச்சுல்ல, எறக்குங்க! … ஒரே ஒரு தடவ வழுக்கிக் காட்டணுமா? நீங்க வந்து வழுக்குங்கண்ணே! ஏரோப்பிளேன்ல ஏறி வந்து வழுக்குங்க!”

“இரும்பு! இரும்பு!” என்று மைதானம் இரைந்தது. அந்த இரைச்சல் தொலைபேசி வழியாகக் கட்டாருக்கும் போயிருக்க வேண்டும். அவள் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தாள்.

“கத்தாதீங்க! காதுக்குள்ள கத்தாதீங்க அண்ணே! … ஆமா, வர்றான்… கீழ்க்கணக்கு ஆளு, பந்தோட வர்றான்… இவரு நிக்கிறாரு… அசையல… போகட்டும், விட்டுருங்க, விட்டுருங்க… ஐயோ, சாயிறாரு! … தெரியல, ஒண்ணும் தெரியல, புழுதியா இருக்கு… இருங்க… எந்திரிச்சிட்டாரு. பந்து வெளிய போயிருச்சு… ஆமா, கை தட்டுறாங்க… நீங்களுமா தட்டுறீங்க? வெக்கமா இல்ல?”

அவள் பெட்டியைக் கமுக்கட்டில் இடுக்கினாள். ஏரியலை முழுதாக இழுத்துவிட்டாள். அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, ரிசீவரைக் காதில் ஒட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

“வைக்காதீங்க. காசு போனாப் போகட்டும், நீங்க லைன்லயே இருக்கணும். கேக்கணும் நீங்க… எங்கயா? கிரவுண்டுக்கு… ஆமா, போனோடதான்… பாக்கட்டும்! தோட்டமே பாக்கட்டும்!”

லயத்துப் படியிலிருந்து தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதை செங்குத்தாக இருக்கும். தொலைபேசிப் பெட்டியோடு ஒரு பொம்பளை அதில் ஓடி இறங்குவதைப் பார்த்துப் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் கூவினார்கள். பள்ளத்தில் இறங்கியதும் குரல் துண்டு துண்டாக வந்தது. “ஹலோ… ஹலோ… இருக்கீங்களா? … ம். இருங்க.” மறுபடி மேடேறியதும், அண்ணன் பேச்சை நிறுத்தவேயில்லை என்பது தெரிந்தது. மேட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவளுடைய முகத்தைப் பார்த்துக் காலை மடக்கி வழிவிட்டார்கள். அவள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள்.

“அண்ணே, கிஷாந்து ஓடி வர்றான்… மேச்சு நடக்குதாம்… தெரியுதுடா, எனக்கும் கண்ணு இருக்கு. இந்தா, கட்டார்ல இருந்து ஒங்க பெரியவரு பேசுறாரு, பேசுறியா? … அண்ணே, ஓடிட்டான்.”

விசில் அவளுக்குப் பின்னால் ஊதியது, முன்னால் ஊதியது, கடைசியில் அவள் மூக்குக்கு நேராக ஊதியது.

“ரெபரி அண்ணே. எனக்குத்தான் ஊதுறாரு… பையில கை விடுறாரு… அண்ணே, மஞ்சக் கார்டு! எனக்கு மஞ்சக் கார்டு காட்டுறாரு! … சிரிக்கிறாங்க, எல்லாருந்தான் சிரிக்கிறாங்க. செல்லசாமியும் சிரிக்கிறாரு… சிரிங்க, சிரிங்க, ஒங்க கால்ல அட்ட ஏறுது!”

செல்லசாமி துள்ளிக் குனிந்து இரண்டு காலையும் தடவிப் பார்த்தார். மைதானம் வெடித்துச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“அவமானமா? யாருக்கு? … ஒங்களுக்கா, அவருக்கா? … ஆமா, பொம்பள உள்ள எறங்கிட்டேன். நீங்க இருபது வருசமா வெளியவே நின்னீங்கல்ல, யாராச்சும் எறங்கணும்ல! … இருங்க. கிட்ட வந்துட்டேன்.”

வீரய்யா கோல் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது கம்பீரமாகத்தான் இருந்திருக்கும். கிட்டே போனால் கம்பத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. இடது கால் தரையைத் தொடவேயில்லை. முட்டி, காலையில் போர்வைக்குள் இருந்த முட்டியாக இல்லை. தோல் இழுபட்டு மினுங்கியது. திங்கட்கிழமை போய்விட்டது என்று பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற கந்தப்பன் தன் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. மேட்டிலிருந்து “இரும்பு! இரும்பு!” என்று இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.



“…இல்ல, அவரு ஒண்ணுஞ் சொல்லல… நானும் ஏசல. பாத்துக்கிட்டு நிக்கிறாரு… தெரியலண்ணே… கொஞ்சம் சும்மா இருங்க.”

வீரய்யா கம்பத்தை விட்டான். அந்தக் கையை அவள் தோளில் வைத்தான். அவன் பாரம் முழுதும் அவள்மேல் இறங்கியது. தொலைபேசிப் பெட்டி நழுவப்போனதை இடுப்பால் தாங்கிக்கொண்டாள். வார்த்தை வெளியே போகாதபடி அவன் அவள் காதுப் பக்கம் குனிந்தான்.

“சட்டையப் போட்டதுல இருந்து நம்ம வீட்டு ஜன்னலத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நீ வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவேன்னு. அவ்வளவு நேரம் யாருகிட்ட புள்ள பேசிக்கிட்டிருந்த?”

ரிசீவருக்குள் முத்துலிங்கத்தின் குரல் குதித்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமில்லண்ணே,” என்றாள் ஜீவராணி. “…இல்ல, அவரு ஒண்ணுமே சொல்லல. வைக்கிறேன்.”

வைத்துவிட்டாள்.