தேங்காய்ப் பாலா, வெல்லமா?

"அலோ... அலோ... டாக்டரய்யா ஊடுங்களா? ... நானு பாண்டிச்சேரியிலேருந்து பேசறேங்க... இல்லீங்க, சீக்காளி இல்லீங்க... உங்க ஊட்ல சமையல் பண்றாங்களே அன்னக்கிளியம்மா, அவங்க தம்பி பொண்டாட்டி, செல்வாம்பாளு... ஆமாங்க, ஆமாங்க... அய்யய்யோ, யாருக்கும் ஒண்ணும் ஆவலீங்க! எல்லாரும் உசுரோடதான் இருக்கோம். செத்தக் கூப்புடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்..."

அந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் கடலூர் டாக்டர் வீட்டுச் சமையற்காரிக்கு டிரங்கால் வருகிறதென்றால், சாவுச் செய்தி என்றுதான் யாரும் நினைப்பார்கள். செல்வாம்பாளுக்கு அதெல்லாம் யோசிக்க நேரமில்லை. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து சக்கரபாணியின் பார்மசியில், மருந்துப் புட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். லைன் கிடைக்க நாலாகிவிட்டது. மூன்று நிமிஷம்தான் என்று சக்கரபாணி சுவர்க் கடிகாரத்தைக் காட்டிவிட்டு, காது கேட்காதவர்போல் மாத்திரை எண்ண உட்கார்ந்தார்.

"அண்ணியா? ... அண்ணி! நான்தான்... ஆமா, ஆமா, புள்ளைங்க நல்லா இருக்குதுங்க... உங்க தம்பியா? இருக்காரு... இருக்காருன்னா இருக்காரு, அவ்ளோதான். அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க தம்பி இடியாப்பத்துக்குத் தேங்காப் பால் ஊத்தித் துன்னுவாரா, வெல்லம் போட்டுத் துன்னுவாரா? ... கேலி பண்ணல அண்ணி... இதுக்குத்தான், இதுக்கேதான் போன் போட்டேன்! சிரிக்காதீங்க. என் குடித்தனமே இதுலதான் தொங்குது."

புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. 'உங்க தம்பி' என்கிறாளே, அந்தத் தம்பியின் பேர் தணிகாசலம். மில்லில் தறி ஓட்டுகிறவன். தாயில்லாத அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா அன்னக்கிளிதான். தம்பிக்கு என்ன பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அந்த ஒரு நம்பிக்கையில்தான் செல்வாம்பாள் இத்தனை தூரம் வந்திருந்தாள்.

"கேளுங்க... பதினோரு நாளா உங்க தம்பி ராத்திரி ஊட்ல துன்றதில்ல... ஆமா, பதினொண்ணு. தட்டு வெக்கிறேன், சோறு போடறேன். குழம்புச் சட்டிய எட்டிப் பாப்பாரு. 'இன்னிக்கும் இதானா'ம்பாரு. எழுந்துடுவாரு... சண்டையா? ஒரு சண்டையும் இல்ல அண்ணி, சண்ட போட்டாத்தான் தேவலையே... என்னா வெச்சனா? என்னா வெக்கல, அதக் கேளுங்க! மொத நாளு கத்திரிக்கா புளிக்குழம்பு. சரி, தினம் வெக்கிறதுதான, நாக்கு செத்திருக்கும்னு மறுநா மொச்சக்கொட்டையும் கருவாடும்... 'இதானா'. குருசுக்குப்பத்து மீன்காரம்மாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி சங்கரா வாங்கி, வடவம் கிள்ளிப் போட்டுத் தாளிச்சேன், தெருவே மோந்து பாத்துச்சி... 'இதானா'. வெள்ளக்கார மதாம் ஊட்ல சமைக்குதே ஆயம்மா, அதங்கிட்ட கேட்டு உருளக்கெழங்குல ரகுன்னு ஒண்ணு வெச்சேன். மொளகாயே இல்லாத குழம்பு அண்ணி! புள்ளைங்க வழிச்சி நக்கிடுச்சிங்க. இவரு மூஞ்சியக்கூடத் திருப்பல... காசா? நான் வளத்த கோழி நாலையும் வித்துட்டேன். போவட்டும், கோழி பொறக்கும்..."

மேல்மூச்சு வாங்கியது. ஒரு நிமிஷம் போயிருந்தது.

"என்னாது? கீரையா? ராவுலயா? என்ன அண்ணி நீங்க... அந்தி சாஞ்சா கீரை ஆவாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான! பாவக்காயும் ஆவாது, தயிரும் ஆவாது. வெள்ளிக்கெழம கவிச்சி ஆவாது. அப்பறம் ராத்திரிக்குன்னு என்னாதான் மிச்சம் இருக்கு? ... எங்க போறாரா? அதச் சொல்லத்தான் வாய் வர்ல... கடற்கரைப் பக்கம் போறாரு. அங்க குஞ்சம்மான்னு ஒருத்தி இட்லிக்கடை வெச்சிருக்கா. புருஷன் சைகோன் போனவன் திரும்பவே இல்ல... நான் பாத்தனா? நான் பாக்கல... ஊர்ல சொல்றாங்க... இல்ல, அவங்களும் பாக்கல... அண்ணி, அப்பறம் எங்கதான் துன்றாரு? மனுசன் பதினோரு நாளு துன்னாம இருப்பாரா?"

இந்தக் கேள்வியை அவள் வாயே கேட்டது. அவள் காதில்தான் அது விழவில்லை. பொறாமை வந்துவிட்டால் காது அப்படித்தான் அடைத்துக்கொள்கிறது.

"நேத்து என்னா சொன்னாரு தெரியுமா? 'இனிமே ராவுக்கு எனக்குன்னு உலையில அரிசி போடாத'ன்னாரு. சோறு வேணாம்னா பொண்டாட்டி வேணாம்னுதான அர்த்தம்? ... இல்ல, நீங்க சமாதானம் சொல்லாதீங்க... அதான், பானையில இருந்த அரிசியப் பூரா ஊறவெச்சி, இடிச்சி, சலிச்சி, இடியாப்பத்துக்கு மாவு வறுத்து வெச்சிட்டு வந்திருக்கேன். இன்னிக்கி ராத்திரி இதையும் தொடாம எழுந்தாருன்னா, புள்ளைங்க ரெண்டையும் இழுத்துக்கிட்டு சேதராப்பட்டுக்கு, எங்கப்பா ஊட்டுக்குப் போயிடுவேன். சத்தியம். மூட்ட கட்டி வெச்சிட்டேன் அண்ணி. வந்து பாருங்க, கதவு மூலையிலதான் கெடக்குது."

சொல்லும்போதே குரல் உடைந்தது. சக்கரபாணி மாத்திரை எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"அழுவல... அழுவல, சொல்லுங்க... என்னா கேக்கறீங்க? எழுந்திருக்கும்போது தட்டுல கைய வெச்சாரான்னா? ... இல்ல. ஒரு நாளும் வெச்சதில்ல. கொழம்பு ஊத்தறதுக்கு முந்தியே எழுந்துடுவாரு. அதாங்க எனக்கு ஆத்திரமே! ஒரு வாய் வெச்சிப் பாத்துட்டு நல்லால்லன்னு துப்பினாக்கூடப் பரவால்ல. கையே வெக்காம எழுந்தா, என்னையத் தொடவே புடிக்கலங்கிற மாதிரி இல்ல? ... அந்தச் சோத்தையா? என்னா பண்ணுவேன், கை வெச்சிருந்தா எச்சி, நாய்க்குத்தான் போடணும். இது சுத்தமான சோறு. பானையில கொட்டித் தண்ணி ஊத்தி வெச்சிடுவேன்... காலையிலயா? புள்ளைங்கதான். பழையதக் கரைச்சிக் குடிச்சிட்டு, வெங்காயத்தக் கடிச்சிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவுதுங்க. வேற என்னா இருக்கு காலைக்கு... அரிசியும் இப்ப அவரே கொஞ்சமா கொஞ்சமாத்தான வாங்கியாறாரு... அண்ணி? ... அண்ணி, ஏன் அழுவுறீங்க?"

அந்தப் பக்கம் அழுகை நிற்கவில்லை. எக்ஸ்சேஞ்சுக்காரி வேறு இடையில் புகுந்தாள்.

"அலோ? யாரு? ... ஆயிடுச்சா? ... இன்னும் மூணு நிமிசம் குடுங்கம்மா, குடுங்கம்மா, உங்க காலப் புடிச்சிக்கிறேன்... கடக்காரய்யா, நீங்க சொல்லுங்க ஐயா இவங்ககிட்ட!... சரிங்க... சரிங்க... அண்ணி, இருக்கீங்களா? சொல்லுங்க. என்னா தெரியும் உங்களுக்கு? ... செர்மன் சண்ட நடந்த காலத்துலயா? ... ஆமா, ரேஷன் அரிசி, கேள்விப்பட்டிருக்கேன்... உங்க ரெண்டு பேருக்கும் ஒரே தட்டா? ... ம்... ம்... 'எனக்கு இது புடிக்கல, நீ துன்னு'ன்னு உங்க பக்கம் தள்ளிட்டு எழுந்துடுவாரா? ... கை வெக்காமயா?"

செல்வாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததை ஒப்புக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை.

"அது அப்போ அண்ணி! அது பஞ்ச காலம்! இப்ப என்னா கொறச்சல்? மில்லு ஓடுது, சங்கு ஊதறதுக்கு முந்தியே கெளம்பிப் போறாரு... என்னா சத்தியம்? யாரு உங்ககிட்ட சத்தியம் வாங்கினது? ... அண்ணி, சொல்லுங்க. சத்தியம் என் தலையில வுழட்டும், நீங்க சொல்லுங்க... எப்போ? போன வெசாழக்கெழமயா? அன்னிக்கி மில்லுக்குத்தான் போனாரு... கடலூருக்கா? உங்ககிட்டயா? ... நடந்தா? பதினாலு கல்லு நடந்தா போவாங்க, சைக்கிள் என்னா... ரிப்பேருக்கு வுட்டிருக்கேன்னு..."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சைக்கிள வித்துட்டாரா... அப்ப சம்பளம்னு எங்கிட்ட குடுத்தது... எத்தினி பேரு? மில்லுல நாப்பது பேருக்கும் சீட்டக் கிழிச்சிட்டாங்களா? ... என்னைக்கி? ... பதினோரு நாளா..."

விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்த நாள்தான் முதல் நாள்.

"டாக்டரய்யா சிபாரிசுல வேல எதாவது கெடைக்குமான்னு கேட்டாரா? ... ம்... அங்கயாவது துன்னாரா அண்ணி? நீங்க போட்டீங்களா? ... வடையா? எத்தினி? ... நாலு வடையும் மடியில... அய்யோ. அய்யோ அண்ணி. அன்னிக்கி மில்லுல எவனுக்கோ கல்யாணம், பலகாரம் குடுத்தாங்கன்னு புள்ளைங்க கையில குடுத்தாரே! எனக்கும் ஒண்ணு குடுத்தாரு. நான் துன்னேன். 'கல்யாண ஊட்ல இவரு நல்லா மொக்கிட்டு வந்திருக்காரு, அதான் ராவுக்கு வேணாங்கிறாரு'ன்னு கருவிக்கிட்டே துன்னேன்! ... ஆமா அண்ணி, நானும் துன்னேன். தினம் துன்னேன். அவரு எழுந்து போனப்பறம், கோவத்துல, சங்கரா மீன முள்ளுகூட இல்லாம துன்னேன்..."

தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பார்மசியில் நின்று அழுவதற்கல்ல, அந்த மீனை ருசித்ததற்கு. வகை வகையாகச் சமைத்துச் சமைத்து, பட்டினி கிடக்கிறவன் மூக்குக்கு நேரே பதினோரு நாள் நீட்டியிருக்கிறாள். வடவம் தாளித்த வாசனையில் தெருவே மயங்கியது என்று பெருமைவேறு பட்டிருக்கிறாள். அந்த வாசனையைத் தாங்காமல்தான் அவன் கடற்கரைக்கு எழுந்து ஓடியிருக்கிறான். குஞ்சம்மாள் என்கிற பாவப்பட்டவளை எண்ணி மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

"இல்ல... இருக்கேன், கேக்குது... அண்ணி, ஒரு தப்புப் பண்ணிட்டேனே! பானையில ஒரு மணி அரிசி இல்ல. பூரா மாவாக்கிட்டேன். இன்னிக்கி ராவுக்குச் சோறே இல்ல. சோறு இல்லன்னா காலையில புள்ளைங்களுக்குப் பழையது ஏது? அதுக்காகத்தான அந்த மனுசன் இத்தினி நாளு... எல்லாத்தையும் நான் இடிச்சிப் பொடி பண்ணிட்டேனே... என்னா? நாளைக்கு மொத பஸ்ஸுக்கா? ... நீங்களா? ... வாங்க. வாங்க அண்ணி. ஒண்ணும் வேணாம், ஒரு படி அரிசி மட்டும் கொண்டாங்க, போதும்... இல்ல, அவர்கிட்ட கேக்க மாட்டேன். எனக்குத் தெரியும்னு காட்டிக்க மாட்டேன். உங்க சத்தியம் உங்களோடவே இருக்கட்டும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கடிகாரத்தில் இன்னும் அரை நிமிஷம்தான் மிச்சம் இருந்தது.

"அண்ணி, அத மட்டும் சொல்லிடுங்க, லைன் போயிடும். தேங்காப் பாலா, வெல்லமா? அவருக்கு எது புடிக்கும்? ... என்னாது? ... தெரியாதா? உங்களுக்கே தெரியாதா? ... சின்ன வயசுலேருந்து எது கொஞ்சமா இருக்குதோ அதப் புடிக்கலன்னுட்டாரா... அப்ப யாருக்குத்தான் அண்ணி தெரியும்? பெத்தவ இல்ல, வளத்த உங்களுக்குத் தெரியல, கட்டினவ எனக்கும் தெரியல... இல்ல, நான் உங்களச் சொல்லல... சரி. ரெண்டும் வெக்கிறேன். இந்தப் பக்கம் பாலு, அந்தப் பக்கம் வெல்லம். இடியாப்பத்துல தண்ணி ஊத்தி வெக்க முடியாதுல்ல? அவரு எழுந்தாலும் பானைக்குப் போவாது... எழுந்தா நான் வுட்டாத்தான! அவரு உக்காந்த ஒடனே நானே அந்தத் தட்டுல கைய வெச்சி, ஒரு வாய் எடுத்துத் துன்னு எச்சி பண்ணிடறேன்... திட்டட்டும்! அடிச்சாலும் அடிக்கட்டும்! எச்சிய எடுத்து வெக்க முடியாதுல்ல, அவருதான் துன்னாவணும். அப்பறம் பாக்கறேன், அவரு கை பாலுகிட்ட போவுதா, வெல்லத்துகிட்ட போவுதான்னு... எட்டு வருசக் குடித்தனம் அண்ணி, இன்னிக்காவது தெரிஞ்சிக்கிறேன்... அலோ? அண்ணி? ... அலோ... அலோ..."

லைன் அறுந்துவிட்டது. செல்வாம்பாள் போனைக் கீழே வைத்தாள். சக்கரபாணி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் நிற்கவில்லை. தணிகாசலம் வீட்டுக்கு வருவதற்குள் கதவு மூலையில் கிடக்கிற மூட்டையை அவிழ்த்து வைத்தாக வேண்டும்.