தரையில் வைக்க வேண்டிய கல்

பழனிவேல்: அஞ்சு டன் சுண்ணாம்புக்கல்லு ஏத்துன லாரி, சகல! எழுபத்தேழு மழையில விக்கிரமங்கலம் ஓடையில அச்சு முங்கிக் கெடக்கு. ஒத்தக் கையால இழுத்துக் கரையேத்துனேன். வேட்டி கூட கசங்கலை!

அங்கமுத்து: போன வருசம் ரெண்டு டன்னுன்னே.

பழனிவேல்: டிரைவரை சேக்காம சொல்லியிருப்பேன்.

அங்கமுத்து: டிரைவரு மூணு டன்னா?

பழனிவேல்: நல்லா சாப்புடுவாரு.

அங்கமுத்து: இதைச் சொல்லவா வேப்பந்தட்டைக்கு ரெண்டு பஸ் மாறி வந்தே?

பழனிவேல்: இல்ல... அந்தக் கல்லைக் கேக்க வந்தேன்.

அங்கமுத்து: எந்தக் கல்லு?

பழனிவேல்: லாரி இழுக்கறப்ப என் மடியில இருந்த கல்லு. மந்திரவாதி கருப்பண்ணன் சாகறப்ப குடுத்த, நத்தை மாதிரி சுருண்ட கல்லு. என் பொண்டாட்டி அம்சவள்ளி வூட்ல வைக்காதேன்னா, அதான் உன் பரண்ல போட்டேன்.

அங்கமுத்து: ஓ... அதுவா.

பழனிவேல்: லேசா சொல்லாத. திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் கோயில்ல நடை தொறக்கறப்ப, அங்க உக்காந்து ஜெபிச்சு சத்தெல்லாம் அதுல ஏத்துவாரு. மத்த நாள்ல அதுலேருந்து எடுத்துத்தான் பேய் ஓட்டுவாரு.

அங்கமுத்து: பேட்டரிக்கு சார்ஜ் போடற மாதிரி!

பழனிவேல்: சிரி, சிரி. பரண்ல போடறப்பவே சொன்னேன், ஒரே ஒரு சட்டம். உப்பு மாதிரி அதைக் கைக்குக் கை குடுக்கக்கூடாது. தரையில வைக்கணும், வேணுங்கறவங்க எடுத்துக்கணும். மீறுனா, வாங்குனவங்களுக்குப் பத்தாத சத்தைக் குடுத்த ஆள்கிட்ட உறிஞ்சிக்கும்.

அங்கமுத்து: ...இப்ப எதுக்கு அது?

பழனிவேல்: அம்சவள்ளி பன்னெண்டு நாளா கண்ணே தொறக்கலை. ஊத்துன கஞ்சி கடவாயில வழியுது. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னுட்டாரு டாக்டரு.

அங்கமுத்து: சத்தமாப் பேசாத. வேம்பு வரா. தங்கச்சின்னா உசுர விட்டுருவா.

வேம்பு: காபி எடுத்துக்குங்க, தம்பி. ஏங்க, இந்தாங்க.

அங்கமுத்து: கீழ வை.

வேம்பு: கேட்டீங்களா தம்பி? தையிலேருந்து எதையும் என் கையால வாங்கறதில்ல. எல்லாம் கீழ வை, கீழ வை!

பழனிவேல்: சகல தோள்ல என்னங்கக்கா, போர்வை மாதிரி துண்டு?

வேம்பு: இவரு எடது கை விழுந்துருச்சு தம்பி. விரல்லாம் வத்தக்குச்சி. நான் காய்ச்சல்லேருந்து எந்திரிச்ச அன்னிக்கே இவருக்கு...

அங்கமுத்து: அடுப்புல பால் பொங்குது பாரு, போ.

பழனிவேல்: ...சகல.

அங்கமுத்து: காபியைக் குடி.

பழனிவேல்: லாரி பொய்யி, சகல. இழுத்தது டிராக்டரு. நான் ஓரமா நின்னேன். கருப்பண்ணன் சொன்னதை நானே நம்பலை. இப்ப வேற போக்கு தெரியாம...

அங்கமுத்து: கையை நீட்டாத! தரையில வைக்கறேன். குனிஞ்சு எடு.

பழனிவேல்: இடுப்புலயே கட்டி வச்சிருந்தியா! ஐயோ... சுடுது. சகல, உள்ள என்னமோ மூச்சு விடுது!

அங்கமுத்து: தையிலேருந்து அப்படித்தான்.

பழனிவேல்: அம்சவள்ளி பக்கத்துல தரையில வச்சிடறேன். அவளா எடுக்கட்டும்... சகல, கண்ணே தொறக்காதவ எப்படி எடுப்பா?

அங்கமுத்து: தையில காய்ச்சல்ல கெடந்தப்ப வேம்பாலயும் எடுக்க முடியலை. மூச்சு நின்னு போச்சு... உன்னைத் திட்டிக்கிட்டேதான் பரண்ல ஏறுனேன். நீ சொன்னது நடந்துச்சு, சகல. தெரிஞ்சேதான் அவ கையில குடுத்தேன்.