தீப்பெட்டிக்குள் திரும்பி வந்த மாத்திரை

கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ் நின்றபோது உள்ளே இருந்தது நான்கே பேர்: டிரைவர், நான், பெருமாட்டித் தோப்புக்காரர் ஒருவர், அவர் பக்கத்தில் மருந்துக்கடை ராவுத்தர்.

"ஏனுங்க ராவுத்தரே, மூச்சு இழுப்புக்கு நீங்க குடுத்த புது மாத்திரை, காத்தால கொல்லைக்குப் போனப்ப முளுசா வெளிய வந்திருச்சுங்க."

தோப்புக்காரர் ஒரு தீப்பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த மாத்திரையைக் காட்டினார். அது என் மேல் பட்டுவிடுமோ என்று நான் சன்னலோரம் ஒதுங்கினேன்.

"கழுவினீங்களா?" என்றார் ராவுத்தர்.

"மூணு தண்ணி ஊத்திக் களுவுனேனுங்க. பிளாஸ்டிக்கைக் குடுத்து ஏமாத்திப் போட்டீங்களோ?"

"அது வெறும் கூடு. ரெண்டு பசையைக் கலந்து செஞ்சிருக்காங்க. ஒண்ணு வயித்துல கரையும், இன்னொண்ணு கரையாது. கரைஞ்ச எடமெல்லாம் ஓட்டையாகி, அது வழியா மருந்து நாள் முழுக்கக் கசியும்."

"அதெப்படிங்க நம்பறது? நாளைக்கு அம்மியில நுணுக்கித்தான் திங்கப் போறேன்."

ராவுத்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ, வேண்டாம்! நாள் முழுக்க எறங்க வேண்டியது ஒரே நேரத்துல எறங்குனா நெஞ்சு படபடன்னு அடிச்சு ஆளே போயிருவீங்க. அத நகத்தால அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். பஞ்சுபோல நசுங்கியது.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே!"

"அது உங்க ஒடம்புக்குள்ள போயிருச்சு. ராத்திரி இழுப்பு வந்துச்சா?"

தோப்புக்காரர் கூட்டைத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடினார். "வரலீங்க."

"அப்புறம் என்ன? மாத்திரைக்குப் பாக்கி அஞ்சு ரூபாயக் குடுங்க."

"மருந்துக்கு மட்டுந்தான் தர்றேனுங்க. கூடு உங்களுது."

தீப்பெட்டியை ராவுத்தர் மடியில் வைத்துவிட்டு, மூன்று ரூபாயை எண்ணிக் கொடுத்தார். பஸ் கிளம்பியது. இன்னும் இரண்டு ரூபாய் பாக்கி.